பின்னால் நின்றவன்

அந்த பெஞ்சுல ஒக்காராதீங்க, அதுக்கு ஒரு கால் ஆடுது. கால் போனவன் வர்ற எடத்துல கால் போன பெஞ்சப் போட்டு வெச்சிருக்கறானுக, பாருங்க. இப்பிடி வாங்க, இந்தச் சேர்ல ஒக்காருங்க. மெதுவா, மெதுவா. எனக்கும் இதே பூட்ஸுதானுங்க, கால் அசையாம இருக்க ஆஸ்பத்திரியில மாட்டி உட்டது. ஆறு வாரமா மாட்டிக்கிட்டுத் திரியறன். கழட்டுனா வர்ற நாத்தம் இருக்குதே... வேண்டாமுங்க, நீங்க சாப்பிட்டு வந்திருப்பீங்க.

மடியில பரீட்சைப் பேப்பர் கட்டு வெச்சிருக்கறீங்க. டீச்சருங்களா? நெனச்சன். தெனமும் நாப்பது பேர நீங்க கேக்க வெக்கறீங்க, இன்னிக்கு ஒரு நாளைக்கு நீங்க கேளுங்க. டோக்கன் எத்தன? இருவத்தெட்டா? எனக்கு இருவத்தேழு. உள்ள இப்பத்தான் இருவத்திரெண்டு போயிருக்குது. அந்தப் பிசியோதெரபிப் புள்ள கையில ரப்பர் பட்டையக் குடுத்து, பாதத்துல மாட்டி இழுங்க, உடுங்க, இழுங்க, உடுங்கன்னு ஆளுக்குப் பத்து நிமிசம் ஆட்டி வெக்கும். அம்பத்திநாலு வயசுல எம்பொழப்பப் பாருங்க. ரப்பர் இழுத்துக்கிட்டுக் கெடக்கறன். கருமம்.

இருங்க, போனு. எங்கூட்டுக்காரி மயிலா. அடிக்கட்டும், எடுக்க மாட்டன். எங்கிருந்து கூப்படறான்னு தெரியுங்களா? ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து. எதுக்குப் போயிருக்கறா? என்னை ஒதைச்சுக் கால ஒடச்சவனுக்குப் புளிசோறு கட்டிக் குடுத்து வழியனுப்பறதுக்கு. அவனுக்குப் பன்னெண்டு பத்துக்கு ரயிலு. பொண்ணுகிட்ட, குஜராத்துக்கு, ஒரேயடியாப் போறான். இங்க இருந்த ஊட்டையும் வித்துப்போட்டான். போறதுக்குள்ள எங்கிட்ட ஒரு வார்த்த பேசோணுமாமா. அதுக்குத்தான் போன் மேல போனு. எனக்கு அந்தப் பேரக் கேட்டாலே கொமட்டுதுங்க டீச்சர்.

எம்பேரு சென்னியப்பனுங்க. பெருந்துறை ரோட்டுல மோட்டார் பம்பு கடை. அவம்பேரு தெய்வசிகாமணி. பேருலயே தெய்வத்த வெச்சுக்கிட்டு இந்த வேல பண்ணுனான். இருவத்திரெண்டு வருசமா நாங்க ரெண்டு பேரும் ஷட்டில்ல ஜோடி. காலைல அஞ்சரைக்கு வண்டி எடுத்தா, தகரம் போட்ட கோர்ட்டு, வாசல்ல ஒரு பிள்ளையார் கோயிலு, ஏழரை வரைக்கும் ஆட்டம். முன்னால நானு, பின்னால அவன். மாத்துனதே கெடையாது. எம்பையன் காதுகுத்துக்குத் தாய்மாமன் வராதப்ப மடியில வெச்சுக்கிட்டவனே அவந்தான். அப்பிடி இருந்தவனுங்க.

ஆனா பயந்தாங்கொள்ளி. ஆடறதுக்கு முன்னால பத்து நிமிசம் சுவத்தப் புடிச்சுத் தள்ளிக்கிட்டு நிப்பான். ஒரு கால முன்னால வெச்சு, ஒரு கால பின்னால நீட்டி. கேட்டா ஆடுசதைய இழுத்து உடறானாமா. "ஏன்டா, சுவரு உழுந்துறப் போவுது"ன்னு நாங்கெல்லாம் சிரிப்பம். நானெல்லாம் வண்டி ஸ்டாண்டப் போட்டா நேரா கோர்ட்டுக்குள்ளதானுங்க. புலி என்ன, சுவத்தப் புடிச்சுத் தள்ளிப்போட்டா மானத் தொரத்துது?

இதையுஞ் சொல்லிப்போடறன். அவன் ஒதைக்கறதுக்கு முன்னால ஒரு ரெண்டு மாசமா, காலைல எந்திரிச்சுக் கால ஊணுனா குதிகாலுக்கு மேல சுருக்சுருக்குன்னு குத்தும். நாலு எட்டு வெச்சாச் செரியாப் போயிரும். நானும் மேல வலி ஸ்ப்ரேய அடிச்சுக்கிட்டு ஆடிக்கிட்டிருந்தன். இத எப்பிடியோ கண்டுபுடிச்சுப்போட்டான். "மாப்ள, ரெண்டு வாரம் ஆடாத. அந்த நரம்பு தடிச்சிருக்குது, தொட்டுப் பாரு"ன்னான். டோர்னமெண்டுக்கு எட்டு நாள் இருக்குதுங்க. எட்டு நாள் இருக்கறப்ப ரெண்டு வாரம் ஆடாதேன்னா என்ன அர்த்தம்? என்னை ஒக்கார வெச்சுப்போட்டு அவன் தம்பி மவன ஜோடி சேத்திக்கலாம்னு அர்த்தம். அது எனக்குத் தெரியாதுங்களா? இவ்வளவு வருசமா மோட்டார் விக்கறன், மனுசன் மூஞ்சியப் படிக்கத் தெரியாதா எனக்கு?

ஆடுனன். பைனல் வரைக்கும் வந்தமுங்க. பத்தொம்பதுக்குப் பத்தொம்பது. நடுவுல ஒரு காக்க, அந்த எறகுப் பந்த, நான் ஓடிப் போய் அடிச்சு வெளிய போட்டுட்டன். அப்பச் சொன்னான், "மாப்ள, எல்லாத்தையும் நீயே அடிக்காத, பின்னால நான் எதுக்கு நிக்கறன்?" இத நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க டீச்சர். பின்னால நான் எதுக்கு நிக்கறன். இது அவன் வாயில வந்த வார்த்த. அடுத்த சர்வீஸு. வலைக்குப் பக்கத்துல ஒரு காக்கு எறங்குது. வலது கால ஊணி ஒரே எட்டா எட்டுனன். பட்டுன்னு ஒரு சத்தம்.

குதிகாலுக்கு மேல, இங்க, செரியா இந்த எடத்துல ஒரு ஒதை. பூட்ஸுக் காலோட ஒதைச்சா எப்பிடி இருக்கும், அதே மாதிரி. அப்பிடியே மண்டி போட்டு உழுந்துட்டன். திரும்பிப் பாக்கறன். யாரு நிக்கறா? அவன் நிக்கறான். எனக்குப் பின்னால இந்த ஒலகத்துல வேற ஆள் கெடையாது. "எதுக்குடா ஒதைச்ச?"ன்னு கேட்டன். மூஞ்சியப் பாக்கோணுமே. ஒண்ணுந் தெரியாதவனாட்டம் வாயத் தொறந்துக்கிட்டு நிக்கறான்.

எதுத்து ஆடுன ரெண்டு பேரும், அவன் ரெண்டு ஆள் தூரத்துல, கடேசிக் கோட்டுக்கிட்ட நின்னான்னு சொல்றானுக. நின்னிருப்பான். அவன் நெட்டையனுங்க, காலு நீளம். ஒரு கேமரா இருக்குதுங்க அங்க. அதையுஞ் செருப்பு திருட்டுப் போவுதுன்னு செருப்பு ஸ்டாண்டப் பாத்து மாட்டி வெச்சிருக்கறானுக. இவனுகளும் ஒரு சங்கம்னு வெச்சு நடத்தறானுக. தூ.

அதுக்கப்பறம் அவன் பண்ணுனதக் கேளுங்க, உங்களுக்கே புரியும். பேட்டத் தூக்கி எறிஞ்சுப்போட்டு ஓடுனான். எதுத்த டீக்கடையில ஐஸக் கேட்டு வாங்கி, தோள்ல கெடந்த துண்டுல சுத்தி, எங்கால்ல வெச்சு அழுத்துறான். கால அவன் மடியில தூக்கி வெச்சுக்கறான். "யாரும் நீவாதீங்க, எண்ண போடாதீங்க, மாப்ள நீ கால ஊணாத"ன்னு கத்தறான். பெருவெரல் பக்கமிருந்து முட்டி வரைக்கும் இன்னொரு துண்டச் சுத்திக் கட்டுனான். ஆட்டோவக் கூப்புட்டு "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம், இப்பவே"ங்கறான். கண்ணுல தண்ணி வேற. நான் கேக்கறன் டீச்சர், குத்தம் பண்ணாதவன் எதுக்குங்க அப்பிடி ஓடோணும்? சுத்தி நின்ன மத்த பதினாலு பேரும் ஓடுனானுகளா? டீயக் குடிச்சுக்கிட்டுச் சும்மாதான நின்னானுக? அவனுக யோக்கியனுக. இவன் மட்டும் ஓடறான்னா மனசாட்சி ஒதைக்குது. அவ்வளவுதான்.

ஆட்டோவுல ஏறுனன். ஆனா ஆஸ்பத்திரிக்குப் போவல. அவன நடுவழியில எறக்கி உட்டுப்போட்டன். எதுக்குங்க ஆஸ்பத்திரி? ஒருத்தன் ஒதைச்சா என்ன ஆவும்? ரத்தங் கட்டும். ரத்தங் கட்டுனா நீவி உட்டாச் செரியாப் போவும். எங்க ஊட்டுக்கிட்ட சுளுக்கு எடுக்கற ஆளு ஒருத்தரு இருக்கறாரு. அவரும் பாத்துப்போட்டு "அடிதாங்க, நல்ல அடி"ன்னாரு. மூணு வாரம், தெனமும் சுடுதண்ணி ஒத்தடம், எண்ணெயப் போட்டு மேலுங்கீழும் நீவறது. வலி உசுரு போவுது. எங்கூட்டுக்காரி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு அழுவறா. யாரு சொல்லிக் குடுத்தா அவளுக்கு? போன்ல அவன். "தங்கச்சி, குப்புறப் படுக்க வெச்சு ஆடுசதைய அமுக்கிப் பாருங்க, பாதம் அசையலீன்னா நரம்பு அறுந்துருச்சுன்னு அர்த்தம்"னானாமா. அவளும் நான் தூங்கறப்ப அமுக்கிப் பாத்திருக்கறா. பாதம் அசையலியாமா. தூங்கறவன் பாதம் எதுக்குங்க அசையோணும்?

நீங்க சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க. எனக்கும் அந்தப் பொழுது சிரிப்பாத்தான் இருந்துச்சு.

பத்தாம் நாளு கம்ப ஊணிக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போனன். எல்லாரையுங் கூப்புட்டு வெச்சு ஞாயங் கேட்டன். "ஒதைச்சன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க, நான் மறந்துபோடறன்"னன். அவன் சொல்றான், "ஒதைக்காதத எப்பிடி மாப்ள ஒதைச்சன்னு சொல்றது?" அப்ப சத்தியம் பண்ணுன்னன். வாசப் பிள்ளையாருக்கு முன்னால சூடத்த ஏத்தி, கையால அணைச்சு சத்தியம் பண்ணு. சங்கத்துத் தலைவரு பெரியவரு, "வேண்டாம் சென்னியப்பா, படிச்ச மனுசனுக பண்ற வேலையா இது"ன்னு கையப் புடிச்சாரு. நான் கேக்கல. அவந்தான், "இருக்கட்டுங்க, சூடங் கொண்டாங்க"ன்னான்.

எங்கூருப் பக்கம் சூடம் அணைக்கறதப் பாத்திருப்பீங்க டீச்சர். பட்டுன்னு ஒரு அடி அடிச்சுப்போட்டுக் கைய எடுத்துருவாங்க. இவன் என்ன பண்ணுனான்? உள்ளங்கைய மெதுவா வெச்சான். வெச்சு, எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னான். எடுக்கவேயில்ல. நெருப்பு அணைஞ்சும் எடுக்கல. "போதுமா மாப்ள?"ன்னான். எவ்வளவு நடிப்பு பாருங்க. அப்பறம் பேட்ட எடுத்துப் பிள்ளையார் காலடியில சாத்தி வெச்சுப்போட்டு வண்டி எடுத்துக்கிட்டுப் போய்ட்டான். அன்னையில இருந்து கோர்ட்டுப் பக்கமே வர்றதில்ல. பேட் புடிக்கற கையி. உள்ளங்கையில இத்தனாம் பெரிய கொப்புளமாமா. நான் என்ன சொன்னன் தெரியுங்களா? பொய்ச் சத்தியம், அதான் சுட்டுதுன்னன். எல்லாத்து முன்னாலயுஞ் சொன்னன்.

மறுக்காவும் போனு. பன்னெண்டாவப் போவுது, அதான் பறக்கறா. அடிக்கட்டும்.

எங்க உட்டன்? மூணு வாரம் கழிச்சுப் படியேற முடியல. குதிகால எக்கி நிக்க முடியல. கடையில ஏணியேறி ஒரு வால்வ எடுக்க முடியல. கடேசில எலும்பு டாக்டருகிட்டப் போனன். குப்புறப் படுக்க வெச்சாரு, ஆடுசதைய அமுக்குனாரு. "குதிகால் நரம்பு முழுசா அறுந்திருக்குதுங்க. அன்னைக்கே வந்திருந்தா சுலுவா முடிஞ்சிருக்கும். இப்ப ரெண்டு முனையுஞ் சுருங்கி எட்டப் போயிருச்சு. போதாததுக்கு நீவி நீவி நாஸ்தி பண்ணி வெச்சிருக்கறீங்க"ன்னு திட்டுனாரு. அந்த எடந்தான் டீச்சர் முக்கியம். அவரே கேக்கறாரு, நான் சொல்லவேயில்ல, "பின்னால யாரோ ஒதைச்ச மாதிரி இருந்துச்சா?"ன்னு கேக்கறாரு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. "ஆமாங்க, ஒதைச்சது எங்கூட ஆடறவன்"னன். அவரு சிரிக்கறாரு. "எங்கிட்ட வர்ற எல்லாருமே இதத்தாங்க சொல்றாங்க"ன்னாரு.

பாத்தீங்களா? எல்லாருமே! அப்ப ஊருக்கு ஒரு சிகாமணி இருக்கறான்னு அர்த்தம். அவரு என்னமோ மேல மேல வெளக்கஞ் சொல்ல வந்தாரு. நான், "போதுமுங்க, எனக்குப் புரிஞ்சு போச்சு"ன்னுட்டன். டாக்டருக்கு நரம்பு தெரியும். மனுசனத் தெரியுமா?

அறுத்துத் தெச்சாங்க. அந்தத் தழும்பப் பாத்தாலே எனக்குச் சோறு எறங்காது. கழுத, அதக் காட்டல உங்களுக்கு. ஆஸ்பத்திரியில கெடக்கறப்ப வந்தான். வலது கையில கட்டு, எடது கையில ஒரு ஹார்லிக்ஸ் பாட்டலு. நான் சுவத்துப் பக்கந் திரும்பிப் படுத்துக்கிட்டன். அரை மணி நேரம் ஒக்காந்திருந்தான். "டாக்டர் சொல்றபடி கேளு மாப்ள, அவசரப்பட்டு ஊணிப்போடாத, மறுக்கா அறுந்துரும்"னு சுவத்தப் பாத்துச் சொல்றவனாட்டஞ் சொல்லிப்போட்டுப் போனான். வெக்கங் கெட்டவன். அந்த ஹார்லிக்ஸ நான் தொடவேயில்ல. மயிலாதான் குடிச்சுத் தீத்தா.

செரி, என் கதைய உடுங்க. நானே பேசிக்கிட்டிருக்கறன். இன்னும் நாலு டோக்கன் இருக்குது. நீங்க சொல்லுங்க டீச்சர், இது உங்களுக்கு எடது காலுங்களா? அதே நரம்பா? பாருங்க, இவ்வளவு நேரம் நான் கேக்கவேயில்ல.

உங்கள ஒதைச்சது யாருங்க?

...ஒதைக்கலியா? கல்லா? கல்லு உட்டு எறிஞ்சாப்பல இருந்துச்சா? செரி, எறிஞ்சவன் யாரு? எங்க வெச்சு? ஸ்கூல்லயா?

ஊட்டு மொட்ட மாடியிலயா. மழ வந்துச்சா... துணி எடுக்கறதுக்கு ஓடுனீங்க... ஆமாங்க, பட்டுன்னு. ஆமா. எனக்கும் பட்டுன்னுதான். திரும்பிப் பாத்தீங்க. யாரு நின்னா?

நல்லாப் பாத்தீங்களா டீச்சர்? தண்ணித் தொட்டிக்குப் பின்னால? பக்கத்தூட்டு மாடி... காலி எடமா? அந்தப் பக்கமும் ஊடே இல்லியா. கொரங்குகிரங்கு வருங்களா உங்க பக்கம்? சிரிக்காதீங்க டீச்சர், நான் நெசமாத்தான் கேக்கறன். எங்க சொந்தக்காரங்க ஊட்டுல கொரங்கு தேங்காய உட்டு எறிஞ்சிருக்குது. வராதா. படிக்கதவு வழியா யாராச்சும்? உங்க வீட்டுக்காரரு கீழ டீவி பாத்துக்கிட்டிருந்தாரு, நீங்க கூப்புட்டதுக்கு அப்பறந்தான் மேல வந்தாரா.

கல்லு கெடந்துச்சா? தேடுனீங்களா?

...தேடுனீங்க. இல்ல.

வந்து அவரு என்ன பண்ணுனாரு? ஐஸு வெச்சாரா. கால தலகாணி மேல தூக்கி வெச்சாரா. ஊணாதேன்னாரா. நீவாதேன்னாரா. துண்டுல கட்டி அன்னைக்கே கூட்டியாந்துட்டாரா. அதனால உங்களுக்குக் கத்தியே வெக்கலியா? கட்டுலயும் பூட்ஸுலயுமே சேந்துருச்சா? அப்ப உங்க கால்ல தழும்பே இல்லியா டீச்சர்?

...

இல்லீங்க, ஒண்ணுமில்ல. தண்ணியெல்லாம் வேண்டாம்.

கடேசிக் கோட்டுக்கிட்டத்தான் நின்னான். ரெண்டு ஆள் தூரம். நெட்டையனா இருந்தாலும் அவ்வளவு நீளக் காலு யாருக்குங்க இருக்குது? எனக்குத் தெரியாமயா? அன்னைக்கே தெரிஞ்சிருக்கோணும். மோட்டார்ல பெல்ட் அறுந்தாப் பக்கத்துல நிக்கறவனையா புடிச்சு அடிக்கறம்? ரெண்டு மாசமா உள்ளயே பிரிபிரியா அத்துக்கிட்டு இருந்திருக்குது. அவன் தொட்டுப் பாத்துச் சொன்னான். நான் மேல ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டு... சீ. நான் பண்ணுனத வாயில சொல்றதுக்கு எனக்கே கூசுது டீச்சர். சூடத்த ஏத்தச் சொல்லி நின்னனே. நெருப்பு அணைஞ்சும் எடுக்காம எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னானே. அப்பவாச்சும் ஒரு வார்த்த, போதும் எடுடான்னு நான் சொல்லியிருந்தா... சொல்லலியே. பாத்துக்கிட்டே நின்னன். ஊருல இருக்கறவனுகளையெல்லாந் தூ தூன்னன். துப்பறதுன்னா எம்மேலதான துப்போணும்.

மறுக்காவும் அடிக்குது. அவதான்.

மயிலா. ம். கேக்குது, கத்தாத. ரயிலு வந்துருச்சா? இன்னும் ஏறலியா. எத்தன நிமிசம் நிக்கும்? இரு, அழுவாத, நாஞ் சொல்றதக் கேளு. அவன் பொட்டிய எந்தக் கையில தூக்கறான்? எடது கையிலயா. வலது கை என்ன ஆச்சு? மடக்க முடியலியா இன்னும்? பாத்துச் சொல்லுடி, நல்லா விரிச்சுக் காட்டச் சொல்லிப் பாத்துச் சொல்லு...

வேண்டாம். பாக்காத. போன அவங்கிட்டக் குடு.

...

டீச்சர், அவன் "மாப்ள"ங்கறான். லைன்ல நின்னுக்கிட்டு "கால் எப்பிடி இருக்குது மாப்ள, பூட்ஸு கழட்டியாச்சா?"ன்னு கேக்கறான். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் அவங்கிட்டப் பேசறது? இந்தாங்க, புடிங்க. புடிங்க டீச்சர், ரயிலு எடுத்துருவான். உங்க கால்ல உழுந்து கேக்கறன்னு நெனச்சுக்கோங்க. மொட்ட மாடியில யாருமே இல்லீன்னு நீங்க அவங்கிட்டச் சொல்லுங்க.